இலையில் ஒதுக்கியவை

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் யார் எதைத் தின்னமாட்டார்கள் என்பது அவளுக்குப் பிசகில்லாமல் மனப்பாடம். பாட்டாவுக்கு மரச்சீனிக்கிழங்கு ஆகாது. அம்மைக்குக் கருப்பட்டிக் காப்பி ஆகாது. மூத்த மாமாவுக்குப் பாகற்காய், சின்ன மாமாவுக்குக் கொத்தமல்லித்தழை, எனக்கு மோர். கோயில் கொடைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்து இறங்கினாலும், தழை போடாத ரசம் ஒரு சின்னச் சட்டியில் தனியாக மூடியிருக்கும். ஏன் பிடிக்கவில்லை என்று அவள் யாரையும் கேட்டதில்லை. பிடிக்கவில்லை என்பதே அவளுக்குப் போதும். காரணங்களைத் தேடிப் போனது நான்தான். வயது ஏற ஏற, ஒவ்வொருவர் இலையிலும் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததற்குப் பின்னால் ஏதோ ஒரு சம்பவம் இருப்பது தெரிய வந்தது. சிலது ஒரு நாள் சம்பவம். சிலது ஒரு தேசத்தின் சம்பவம்.

பாட்டாவினுடையது இரண்டாவது வகை.

எங்கள் ஊர் திருவட்டாற்றுப் பக்கம். 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேரும்வரை அது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்த பிறகு கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்ற பேரும் நிலைத்தது. எங்கள் பக்கமோ மேடும் பள்ளமுமான செம்மண். தென்னை, மரச்சீனி, இடையிடையே கொஞ்சம் வயல். சமஸ்தானம் முழுவதற்கும் வேண்டிய அரிசி உள்ளூரில் விளையவில்லை. பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. பாட்டாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கலாம்.

போர்த்துகீசியர் வழியாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு மரச்சீனி. 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் என்று மக்களை அதைப் பயிரிடச் சொன்னார் என்பது வரலாறு. அவர் சொன்னது பலித்தது. நாற்பதுகளில் அந்தக் கிழங்கு இல்லாதிருந்தால் எத்தனை வீடுகள் அழிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பாட்டாவும் இதை மறுக்கமாட்டார். "அதுதான் உயிரைக் காப்பாத்திச்சு மக்கா, அதுல சந்தேகம் இல்ல" என்பார். ஆனால் வாயில் வைக்கமாட்டார்.

காலையில் கிழங்கு. மத்தியானம் கிழங்கு. ராத்திரி, ரேஷன் அரிசி ஒரு பிடி கிடைத்தால் அதைக் கஞ்சியாக்கிப் பிள்ளைகளுக்கும் கிழவிக்கும் ஊற்றிவிட்டு மற்றவர்களுக்குக் கிழங்கு. தொட்டுக்கொள்ளக் காந்தாரிமிளகும் உப்பும் சேர்த்துச் சதைத்தது. மீன் வாங்கக் காசில்லை. தோலை உரித்து, நறுக்கி, வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கசப்பு வகைக் கிழங்கில் சயனைடாக மாறும் நஞ்சு கூடுதல், சரியாக வேகாமல் தின்றால் தலைசுற்றும், வாந்தி வரும். அந்த முதல் தண்ணீர் கொதிக்கும்போது எழும் மணம் இருக்கிறதே, அது வந்தால் பாட்டா எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். எண்பது வயதிலும் போனார். "வயிறு நெறையும், பசி போவாது" என்று ஒருமுறை சொன்னார். போர்க்காலப் பட்டினியைப் பற்றி நான் பிறகு வாசித்த எதுவும் இந்த நாலு வார்த்தை அளவுக்கு என்னுள் இறங்கவில்லை.

பசியைவிட அவருக்கு ஆழமாகத் தங்கியது வேறொன்று என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து தின்றார்கள். கிழங்கு கொண்டுவந்தவர்கள் மாமரத்துக்கு அந்தப்பக்கம். "அங்க போகணும்னு யாரும் சொல்லல்ல. நாங்களாட்டுதான் போனோம்." வாழையிலைப் பொதியைப் பிரிக்கும்போது மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். பன்னிரண்டு வயதுப் பையன் அந்த மணத்தோடு சேர்த்துக் கட்டிவைத்துக்கொண்டது பசியை மட்டுமில்லை, தலைகுனிவையும்.

இதில் என்னை இன்றும் யோசிக்க வைப்பது பாட்டாவின் சவ்வரிசிப் பாயசம். அவருக்கு அது உயிர். கல்யாண வீட்டில் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவார். சவ்வரிசி மரச்சீனி மாவில் செய்வது. அதே போர்க்காலத்தில், வெளிநாட்டுச் சவ்வரிசி வராமல் நின்றுபோனபோதுதான் சேலத்தில் அந்தத் தொழில் வேர்பிடித்தது. பள்ளியில் இதைப் படித்த நான் ஓடிவந்து பாட்டாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அது வேற, இது வேற மக்கா" என்றார். தொடர்ந்து பாயசம் குடித்தார். பொருள் ஒன்றுதான், ஆனால் பாயசத்தில் அந்த மணம் இல்லை, அந்த மாமரம் இல்லை. தன்னுடைய நிலத்தில் அவரே மரச்சீனி வைத்தார், விளைந்ததைச் சந்தைக்கு அனுப்பினார், கேட்டவர்களுக்கு மூடோடு பிடுங்கிக் கொடுத்தார். தின்பவர்களை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. இன்று மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் ஓட்டல்காரர்கள் கிழங்கும் மீன்குழம்பும் என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் தேடிவந்து தின்கிறார்கள். எனக்கும் அது மிகவும் பிடிக்கும். பாட்டா இருந்தவரை நாங்கள் அதை அவர் சந்தைக்குப் போகும் நாளில் மட்டுமே சமைத்தோம். அந்த ஏற்பாடும் ஆச்சியுடையதுதான்.

அம்மையின் கதை இதைவிடச் சின்னது, ஆனால் தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறைக்கே தெரிந்த கதை. பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு வயிறு கழுவ வேண்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அதன் கொழகொழப்பை மறைக்க, சூடான கருப்பட்டிக் காப்பியில் கலந்து, மூக்கைப் பிடித்து, ஒரே மடக்கில். கொடுத்தது வேறு யாருமில்லை, இதே ஆச்சிதான். எண்ணெய் குடலில் போய் உடைந்து, அதிலிருந்து பிரியும் அமிலம் குடலைத் தூண்ட இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகு நாள் முழுக்க வயிற்றுப்போக்கு, குமட்டல், உச்சிவேளையில் ரசஞ்சோறு. அம்மைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பனையேறிகள் இருந்த ஊரில், கருப்பட்டி மணக்கும் வீட்டில் பிறந்தவள் இன்றைக்கும் வெள்ளைச் சீனி போட்ட தேயிலையைத்தான் குடிக்கிறாள். கருப்பட்டியில் செய்த பணியாரத்தைத் தின்பாள், கருப்பட்டி போட்ட பொங்கலைத் தின்பாள். அது காப்பியோடு சேர்ந்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

எண்ணெயின் மேல் வர வேண்டிய வெறுப்பு காப்பியின் மேலும் எப்படி வந்து உட்கார்ந்தது? காப்பி குடித்ததற்கும் வயிறு புரண்டதற்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி இருக்கிறதே? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தந்தவர் ஜான் கார்சியா. கலிபோர்னியாவில், ஸ்பெயினிலிருந்து குடியேறிய பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் 1917இல் பிறந்த உளவியல் ஆய்வாளர். சான்பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிரியக்க ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகள், கதிர்வீச்சுக் கூண்டில் இருந்த பிளாஸ்டிக் புட்டியின் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தன. தங்கள் வழக்கமான கூண்டில் கண்ணாடிப் புட்டித் தண்ணீரை எப்போதும்போலக் குடித்தன. கதிர்வீச்சு தந்த குமட்டலை அவை பிளாஸ்டிக்கின் சுவையோடு முடிச்சுப் போட்டுவிட்டிருந்தன. 1955இல் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரை வைத்து இதையே சோதித்துக் காட்டினார். தண்ணீர் குடித்தபோது கதிர்வீச்சுப் பட்ட எலிகள் பிறகு அந்த இனிப்பையே தொடவில்லை.

பாவ்லோவின் நாய்க்கு மணியோசையும் உணவும் அடுத்தடுத்து வர வேண்டும், பல முறை வர வேண்டும். கார்சியாவின் எலிக்கு ஒரு முறை போதும். நோவு பல மணி நேரம் கழித்து வந்தாலும் போதும். அன்றைய அறிஞர்கள் பலர் இதை நம்ப மறுத்தார்கள். ஆய்விதழ்கள் அவர் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. அவர் விடவில்லை. 1966இல் ராபர்ட் கோலிங்குடன் செய்த சோதனையில் இன்னொன்றையும் நிறுவினார். எலி தண்ணீரில் வாய் வைக்கும்போது சுவையும் இருக்கும், கூடவே விளக்கு மின்னும், ஓசை கேட்கும். பிறகு குமட்டலை வரவழைத்தால் எலி சுவையை மட்டும் ஒதுக்கியது. மின் அதிர்ச்சி கொடுத்தால் விளக்கையும் ஓசையையும் கண்டு ஒதுங்கியது, சுவையை ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றில் வரும் நோவுக்கு உடம்பு நாக்கைத்தான் விசாரிக்கிறது. நஞ்சைத் தின்றுவிட்டுப் பிழைத்த உயிர் மறுபடி அதைத் தின்னாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

இதை வாசித்தபோதுதான் என் மோருக்கும் விளக்கம் கிடைத்தது. ஏழாம் வகுப்புப் படிக்கையில் எனக்கு மஞ்சள்காமாலை. கண் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேயிலை நிறமாகி, சோற்றின் மணமே ஆகாமல் கிடந்தேன். ஊர் வழக்கப்படி விடிந்ததும் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கித் தந்தார்கள். பச்சிலைக் கசப்பும் புளித்த மோரும். குடித்துக் கொஞ்ச நேரத்தில் குமட்டல். உண்மையில் குமட்டலைத் தந்தது கல்லீரலைப் பிடித்திருந்த கிருமி. அது மோர் குடித்தாலும் வரும், குடிக்காவிட்டாலும் வரும். மோர் எனக்குக் குளிர்ச்சி தரத்தான் வந்தது. ஆனால் என் உடம்பு பழியை அதன் மேல் போட்டுவிட்டது. குடித்த வெண்கலத் தம்ளரை நான் வெறுக்கவில்லை, படுத்திருந்த அறையை வெறுக்கவில்லை, கலக்கித் தந்த ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். மோர் ஒன்றுதான் போயிற்று. கோலிங்கும் கார்சியாவும் விளக்கை மின்னவிட்டுக் கண்டது என் கட்டிலிலும் நடந்திருக்கிறது.

கெட்டித் தயிர் எனக்குப் பிரச்சினை இல்லை. தண்ணீர் விட்டுக் கடைந்து, கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட மோர் பக்கத்து இலையில் விழுந்தாலும் போதும், நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறித் தொண்டை மேலே வரும். காரணம் முழுக்கத் தெரிந்த பிறகும் இதில் ஒரு துளி மாற்றமில்லை. அறிவு சொல்வதைக் கேட்கும் இடத்தில் இந்த நினைவு இல்லை போலும்.

எல்லா வெறுப்பும் இப்படிச் சம்பவத்தில் பிறப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன மாமா கொத்தமல்லித்தழையில் சோப்பு வாடை அடிக்கிறது என்பார். நாங்கள் எல்லாரும் அதைப் பிடிவாதம் என்றே நினைத்தோம். தழையின் மணத்தைத் தரும் ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை நுகர உதவும் ஒரு மரபணுவின் அருகே சிலருக்கு இருக்கும் வேறுபாட்டை 2012இல் ஓர் ஆய்வு இந்தச் சோப்பு வாடையோடு தொடர்புபடுத்தியது. கசப்பும் அப்படித்தான். 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் மாற்றி மாற்றிச் சுவைத்தும் அதே முடிவு. ஒரே பொருள், ஒரு வாயில் கசப்பு, மறுவாயில் வெறும் தூள். மூத்த மாமாவின் பாகற்காய்க்கு இந்தத் தூள் நேரடி விளக்கம் ஆகாது. ஆனால் நம் நாக்கில் இருப்பதுதான் அடுத்தவர் நாக்கிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒருவரைக் கடிந்துகொள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

ஆனாலும் கடிந்துகொள்கிறோம். விருந்தோம்பலில் நமக்கு இருக்கும் பெருமை சில சமயம் வம்பாக மாறுவதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். "எங்க வீட்டுல ஒருவாட்டி தின்னு பாரு, பொறவு சொல்லு" என்று தட்டில் போட்டுவிட்டு, விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. மோர் விடாமல் பந்தியிலிருந்து எழுந்திருக்கக்கூடாது என்று என் தோளை அழுத்தி உட்கார வைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தைகளிடம் இந்த வற்புறுத்தல் இன்னும் கடுமையாகிறது. அழ அழத் திணித்த கவளம் வாந்தியில் முடிந்தால், அந்தக் காய் அந்தப் பிள்ளைக்குப் பல வருடங்களுக்குப் போய்விடுகிறது. இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் புதிய உணவைக் கண்டு பயப்படுவது இயல்பு. முன்னால் வைத்து, நாம் தின்று காட்டி, தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிட்டு, வேறொரு நாள் மறுபடி வைத்தால், பெரும்பாலும் ஒரு நாள் அதுவாகவே கை நீட்டும். ஆச்சியும் யாரையும் வற்புறுத்தியதில்லை. மூத்த மாமாவுக்குப் பாகற்காய் இல்லை என்று அறிந்தவள், கடைசிவரை அவருடைய இலையில் அதை வைக்கவும் இல்லை, அவருக்காக வீட்டில் பாகற்காய் சமைப்பதை நிறுத்தவும் இல்லை.

இந்த விஷயத்தை நான் இவ்வளவு தேடி வாசித்ததற்குக் காரணம் சித்தி. அம்மையின் கடைசித் தங்கை. அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை முடிந்து, திருவனந்தபுரத்தில் கீமோ தொடங்கினார்கள். முதல் ஊசிக்குப் போகும் அன்று காலை அம்மை, தங்கைக்கு ஆசையான சாளைப் புளிமுளம் வைத்துக் கொடுத்தாள். தேங்காயும் மிளகுவற்றலும் அரைத்து, புளி ஊற்றி, மண்சட்டியில் சுண்டவைத்தது. சித்தி ரசித்துச் சாப்பிட்டாள். அன்று மாலை தொடங்கிய குமட்டல் மூன்று நாள் நீடித்தது. பிறகு உடம்பு தேறி, பசி எடுத்து, அதே புளிமுளத்தை மறுபடி வைத்தபோது சட்டியைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். திரும்பி வந்து அழுதாள். "எனக்கு அது பிடிக்கும்லா, பின்ன ஏன் இப்பிடி வருது?" நோய் வந்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. தன்னுடையது என்று இருந்த ஒன்றைத் தன் உடம்பே பிடுங்கிக்கொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் ஐலீன் பெர்ன்ஸ்டைனின் ஆய்வுகள் கண்ணில் பட்டன. அமெரிக்காவின் சியாட்டிலில், கீமோ எடுத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு ஊசிக்கு முன்னால் பழக்கமில்லாத சுவையில் ஓர் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அதே ஐஸ்கிரீமைக் கொடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். குமட்டலுக்குக் காரணம் மருந்து என்று தெரிந்திருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. 1978இல் இது வெளியானது. அவரும் அவருடன் பணிபுரிந்த புரோபெர்க்கும் 1987இல் அடுத்த படிக்குப் போனார்கள். சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் குழந்தைகளுக்கு வழக்கத்தில் இல்லாத மணமுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். உடம்புக்கு யார் மேலாவது பழி போட வேண்டும். புதிதாக, தூக்கலாக ஒன்று இருந்தால் அதன் மேலேயே போடட்டும் என்பது எண்ணம். மிட்டாய் தின்ற குழந்தைகளுக்கு, அன்று தின்ற சாப்பாட்டின் மேல் வெறுப்பு வருவது குறைந்தது.

அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் கேட்டேன். சித்திக்குச் சர்க்கரை வியாதி இல்லை, மிட்டாய் தின்பதால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார். சித்தி வாழ்நாளில் விரும்பித் தின்றிராத அன்னாசி வாசனை மிட்டாயைத் தேடி வாங்கினோம். ஊசி நாளில் காலையில் லேசாகக் கஞ்சியும் சிறுபயறும், அதுவும் சீக்கிரமே. ஆசையான எதுவும் அன்று வீட்டில் சமைக்கக்கூடாது என்று அம்மை உத்தரவு போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, கரையும்வரை காத்திருந்து உள்ளே போவாள். எல்லா ஊசியும் முடியும்வரை இப்படியே செய்தோம்.

சித்தி பிழைத்துவிட்டாள். கஞ்சியும் பயறும் இன்றும் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு, பப்படத்தோடு. சாளை மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் பொரித்தது, அதுவும் வெளியிடத்தில். பிறகு வீட்டில் வைத்த குழம்பு. புளிமுளம் இன்னும் வரவில்லை, அம்மையும் அவசரப்படுத்தவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பிள்ளை அன்னாசி மிட்டாயைப் பிரித்தால் மட்டும் சித்தி சட்டென்று எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.